ஒருவர் கேட்க, ஒருவர் வரைய

பணி ஓய்வுக்குப் பிறகு தூரிகையைக் கையில் எடுக்கும் மனிதரை நம் ஊர் இரண்டு கண்களால் பார்க்கிறது. தன் பாட்டுக்குத் தாமிரபரணிக் கரையையும் பொதிகை மலையையும் வரைந்து வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கும் வரை, ‘நல்ல பொழுதுபோக்கு’ என்று மெச்சுகிறது. அதே மனிதர், யாரோ கேட்டார்கள் என்று அவர்களுடைய அப்பாவின் முகத்தையோ பூர்வீக வீட்டையோ வரைந்து கொடுத்துப் பணமும் வாங்கிக்கொண்டால், ‘ஆர்டருக்குப் படம் போடுகிறவர்’ என்று ஒரு படி கீழே இறக்கிவிடுகிறது. சுயமாக வரைந்தால் கலை, கேட்டு வரைந்தால் வேலை என்ற எண்ணம் நம்மிடம் அத்தனை ஆழமாக இறங்கியிருக்கிறது. இது தலைகீழான கணக்கு என்பதே என் கருத்து. ஓய்வுக்காலத்தில் வரையத் தொடங்குபவரின் கலை முதிர்வதற்கு ஆர்டரைப் போல உதவும் ஆசிரியர் வேறில்லை. அந்த ஆர்டரை ஒழுங்காகச் செய்துமுடிக்கத் தேவையான சுதந்திரமும் ஓய்வு பெற்றவரிடம் இருக்கும் அளவுக்கு வேறு யாரிடமும் இல்லை.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் திருப்புடைமருதூருக்குப் போனால் போதும். அங்கே நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உட்புறத்தில், நிலைக்கு நிலை, விஜயநகர – நாயக்கர் காலத்துச் சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. திருவிளையாடல், இராமாயணம், போர்க்காட்சி என்று எல்லாமே யாரோ சொல்லி வரையப்பட்டவை. எதை வரைய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது ஓவியன் அல்ல, கோயிலும் கொடையாளரும்தான். ஆனால் அந்தச் சுவர்களில் கடல் கடந்து கப்பலில் வந்திறங்கும் குதிரைகளையும் அவற்றைக் கொண்டுவந்த அராபிய வணிகரையும் பார்க்கும்போது, கேட்டது எங்கே முடிகிறது, கண்டது எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடுகிறது. தெய்வக் கதை நிறைந்த கோபுரத்துக்குள் ஓவியனின் காலத்துத் துறைமுகமும் வணிகமும் நுழைவதற்கு இடம் கிடைத்திருக்கிறது. பொருள் பிறருடையதாக இருக்கலாம், பார்வை வரைகிறவனுடையது. ஆர்டர் ஓவியத்தின் முழு இலக்கணமும் அந்தக் கோபுரத்துக்குள் இருக்கிறது.

அங்கிருந்து வடமேற்கே குற்றாலத்துக்குப் போனால் சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில் இங்கே மட்டும் அவர் ஓவியமாகவே வழிபடப்படுகிறார். திருநெல்வேலியின் தாமிர சபைக்கும் இந்தச் சித்திர சபைக்கும் நடுவில் வளர்ந்த மக்களுக்கு, கேட்டு வரைந்த ஓவியம் இரண்டாந்தரமானது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. இன்னும் நெருங்கிய காலத்துக்கு வந்தால், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) இருக்கிறார். ரமணாசிரமத்தில் துறவியாக இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கோவில்பட்டியிலேயே நிலைத்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டுப் பூஜையறைகளுக்கெல்லாம் காலண்டராகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் படங்களைக் கேட்டவர்கள் வியாபாரிகள். ஆனால் முருகனை மனதில் நினைத்தால் இன்றும் பலருக்கு முதலில் தோன்றுவது அந்த முகம்தான்.

‘இவர்களெல்லாம் பரம்பரையாகவோ பயின்றோ வந்த தொழிற்கலைஞர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியரையும் வங்கி ஊழியரையும் இவர்களோடு எப்படிச் சேர்ப்பது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் பாரிஸ் நகரத்தில் இருக்கிறது. ஆன்றி ரூசோ அந்த நகரத்தின் சுங்கச்சாவடியில் வேலை பார்த்தவர். 1893-இல், 49 வயதில் வேலையை விட்டுச் சிறிய ஓய்வூதியத்தோடு முழுநேரமாக வரைய உட்கார்ந்தார். எந்த ஓவியப் பள்ளியிலும் படித்தவர் அல்ல. பலர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்றான ‘பாம்பாட்டிப் பெண்’ (1907), இன்னோர் ஓவியரான ராபர்ட் தெலோனேயின் தாயார் கேட்டு வரைந்தது. அந்த அம்மையார் தன் இந்தியப் பயணத்தைப் பற்றிச் சொன்ன கதைகளிலிருந்து அது பிறந்தது என்பார்கள். காட்டையே பார்த்திராத ரூசோ, பாரிஸ் தாவரப் பூங்காவில் கண்ட செடிகளை வைத்து நிலவொளியில் ஒரு வனத்தை எழுப்பினார். அடுத்த ஆண்டு, பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஜூனியே குடும்பத்தைக் குதிரை வண்டியோடு வரைந்தார். கடை பாக்கிக்கு ஈடாக, ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்த படம் அது. ஆனால் புகைப்படத்தை அவர் அப்படியே பெயர்க்கவில்லை. நாய்களின் அளவை மாற்றினார், வண்டிக்குள் தன்னையும் உட்கார்த்தி வைத்தார். ஓய்வூதியம், முறையான பயிற்சியின்மை, புகைப்படம், மளிகைக் கடை பாக்கி – நம் ஊரில் ஏளனத்துக்கு உரியவையாகத் தோன்றும் அத்தனையும் சேர்ந்து உருவான அந்தப் படம் இன்று பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆர்டர் என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நம் பகுதியில் அதிகம் கேட்கப்படுவது மறைந்த பெற்றோரின் படம். கையில் தரப்படுவது பெரும்பாலும் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம். முன்னாலிருந்து விளக்குப் போட்டு எடுத்ததால் மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் நிழலே இருக்காது. போதாததற்கு ஸ்டுடியோக்காரர் ‘டச்’ செய்து சுருக்கங்களையும் துடைத்திருப்பார். இதைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கினால் கிடைப்பது பெரிய ஸ்டுடியோ படம், அப்பா கிடைக்கமாட்டார். வரைகிறவர் இங்கே விசாரிக்கத் தொடங்க வேண்டியிருக்கிறது. தோலின் நிறம் என்ன, வயலில் நின்றவரா, கடையில் உட்கார்ந்தவரா, திருநீறு முழு நெற்றிக்கும் பூசுவாரா, மூன்று விரல் கோடா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுத்தான் பேசுவாரா? சொல்லும் மகளுக்கும் மகனுக்கும் நடுவிலேயே அபிப்பிராய பேதம் வரும். அதையெல்லாம் கேட்டு, கண்ணின் கருமணியில் எந்த இடத்தில் வெளிச்சப் புள்ளியை வைப்பது என்று ஒருவர் முடிவெடுக்கிறாரே, அந்த முடிவில் இருக்கிறது கலை. புள்ளி ஒரு மயிரிழை விலகினால் முகம் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருக்கும். தனக்காக வரையும்போது அந்த விலகலை நாம் மன்னித்துவிடுவோம். ‘இது எங்க அப்பா இல்லை’ என்று சொல்ல ஒருவர் எதிரில் இருக்கும்போது மன்னிக்க முடியாது. பயிலாத கைக்கு இதைவிடக் கடுமையான, நேர்மையான தேர்வு எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

இடங்களை வரையச் சொல்லும் ஆர்டரிலும் இதே கதைதான். சென்னையிலோ துபாயிலோ இருப்பவர் குறுக்குத்துறையைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில், கல் மண்டபங்கள், படித்துறை. வெள்ளம் வந்தால் கோயிலே மூழ்கும். உற்சவர் மேலக் கோயிலுக்குப் போய்விடுவார். தண்ணீர் வடிந்த பிறகு தூணில் எதுவரை நனைந்தது என்பதை நிறமே சொல்லும். ஈரக்கல்லுக்கு ஒரு கருமை, காய்ந்த கல்லுக்கு ஒரு சாம்பல் வெளுப்பு. இரண்டும் சந்திக்கும் கோட்டை வாட்டர் கலரில் பிடிப்பது எளிதல்ல. காகிதம் ஈரமாக இருக்கும்போது கை வைத்தால் கோடு கசிந்து பரவும். முழுக்கக் காய்ந்த பின் வைத்தால் கத்தியால் வெட்டினாற்போல் நிற்கும். சரியான அந்தச் சில நொடிகளைக் கை தானாக அறிய வேண்டும். வெயில் விழும் படிகளுக்கு வெள்ளை நிறம் பூசக் கூடாது. காகிதத்தின் வெண்மையையே தொடாமல் விட்டுவைக்க வேண்டும். கேட்டவர் அந்தப் படிகளில் குளித்து வளர்ந்தவர். மண்டபத்தின் தூண்களை ஒன்று குறைத்துப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார். பிசான அறுவடை நேரத்து வயலையும் கார் சாகுபடியின் இளம்பயிரையும் குழப்பினாலும் விடமாட்டார். பொத்தாம்பொதுவான ‘ஆற்றங்கரைக் காட்சி’ ஒன்றை வரைந்து தப்பிக்கும் வழியை ஆர்டர் அடைத்துவிடுகிறது.

ஆர்டரின் ஆபத்தையும் நான் மறைக்கவில்லை. கேட்பவர் புகழ்ச்சியையும் சேர்த்தே கேட்பார். ‘மீசையைக் கறுப்பாக்குங்க’, ‘அம்மாவுக்கு இன்னும் நாலு நகை போடுங்க’, ‘வீட்டுக்கு முன்னால கார் நிக்கட்டும்.’ வயிற்றுப்பாட்டுக்கு வரைபவர் இதற்கெல்லாம் தலையாட்டித்தான் ஆக வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஓய்வூதியம் வாங்குபவருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ‘மீசை நரைத்தபடியே இருக்கட்டும், அதுதான் அவருக்கு அழகு’ என்று சொல்லவும், ஒத்துவராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும், பிடிக்காத படத்தைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கவும் அவரால் முடியும். வயிற்றுப்பாட்டுக்குக் கட்டுப்படாத இந்த விடுதலையை ரசனைக்காகச் செலவிட்ட மரபு இந்த மண்ணில் உண்டு. வழக்கறிஞராகவும் அறநிலைய வாரிய ஆணையராகவும் இருந்த ரசிகமணி டி.கே.சி. (1882–1954) திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டின் வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிக் கவிதையை அனுபவித்தார். பின்னாளில் குற்றாலத்தில் தங்கிக் கம்பனில் மூழ்கினார். அரசு அதிகாரியாக இருந்தபோதே 1951-இல் தஞ்சைக் கலைக்கூடம் அமையக் காரணமான தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், கோயில் கோயிலாகப் போய் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதினார். உத்தியோகம் சோறு போட்டது. ரசனை யாருக்கும் கட்டுப்படாமல் நின்றது. அதே ஏற்பாடு தூரிகைக்கும் பொருந்தும்.

‘அறுபது வயதுக்கு மேல் கை நடுங்கும், கண் மங்கும், இதில் எங்கே தேர்ச்சி?’ என்பது அடுத்த தடை. அமெரிக்காவில் ‘பாட்டி மோசஸ்’ (1860–1961) என்று அழைக்கப்பட்ட விவசாயக் குடும்பத்துப் பெண்மணி, மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் பூத்தையலை விட்டுவிட்டு, தன் எழுபது வயதுகளின் பிற்பகுதியில்தான் முழுமூச்சாக ஓவியத்துக்கு வந்தார். மருந்துக் கடைச் சன்னலில் சில டாலர் விலைக்கு வைத்திருந்த அவருடைய படங்களை 1938-இல் ஒரு சேகரிப்பாளர் கண்டெடுத்தார். கண்புரையோடு வரைந்துகொண்டிருந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, 1923-இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 1926-இல் இறக்கும்வரை அல்லிக்குளப் படங்களை விடவில்லை. ரவீந்திரநாத் தாகூர் ஓவியத்தில் தீவிரமாக இறங்கியது அறுபது தாண்டிய பிறகு. 1930-இல் பாரிஸில் முதல் கண்காட்சி. இவர்களைப் போல எல்லாரும் ஆகிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. முதுமை ஓவியத்தின் கதவைச் சாத்திவிடுவதில்லை என்பதற்கு இத்தனை சாட்சி போதும்.

இன்னொரு தடையை இவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. ஃபிளெக்ஸ் அச்சு வந்த பிறகு சுவர் எழுத்தும் பெயர்ப்பலகையும் கட்அவுட்டும் வரைந்து பிழைத்த ஓவியர்கள் பலர் வேலை இழந்தார்கள். மிச்சமிருப்பது உருவப்பட ஆர்டர்தான். அதையும் பென்ஷன் வாங்குகிறவர் வந்து ‘எனக்கென்ன, பெயிண்ட் காசு கொடுத்தால் போதும்’ என்று வரைந்து கொடுத்தால், அது தொழிலாளியின் தட்டில் கை வைப்பதுதான். தாராள மனம் போலத் தெரிந்தாலும் இது தவறு. பிரியத்துக்கு வரைந்தால் முழுப் பரிசாகக் கொடுக்கலாம். விலை வாங்குவதென்றால் ஊரில் தொழிலாக வரைபவர் கேட்கும் விலைக்குக் குறையாமல் வாங்க வேண்டும். அளவு, ஊடகம், முன்பணம், கொடுக்கும் நாள் எல்லாவற்றையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். தனக்குக் கைவராத ஆர்டரை அந்தத் தொழில் ஓவியருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். விலை வாங்குவது கலையைக் கறைப்படுத்தும் என்று கூச்சப்படுகிறவர்கள், இலவசமும் மலிவும் யாருடைய கூலியைக் குறைக்கின்றன என்று யோசிக்க வேண்டும். சரியான விலை படத்துக்கும் நல்லது. காசு கொடுத்தவர் கவனித்துப் பார்ப்பார். சும்மா வாங்கியவர் ‘பிரமாதம்’ என்று சொல்லிப் பரணில் போட்டுவிடுவார்.

கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் புகைப்படம் ஓவியம் போல மாறிவிடும் இந்தக் காலத்தில் இத்தனை பாடு எதற்கு என்பது கடைசிக் கேள்வி. கருவி தரும் படம் அழகாக இருக்கலாம். ஆனால் அது யாரிடமும் விசாரிப்பதில்லை. அப்பாவுக்குக் காதில் கடுக்கன் குத்திய தழும்பு இருந்ததா என்று கேட்காது. சொன்ன பதிலைக் கேட்டு நிறத்தை மாற்றாது. கேட்டு வரைந்த ஓவியத்தின் மதிப்பு முடிந்த படத்தில் மட்டும் இல்லை. கேட்பவரும் வரைபவரும் உட்கார்ந்து ஒரு முகத்தை, ஒரு வீட்டை, ஒரு படித்துறையை மறுபடி நினைவிலிருந்து கட்டியெழுப்பும் அந்தப் பேச்சிலும் இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு நேரமும் பொறுமையும் உலக அனுபவமும் வேண்டும். முப்பது நாற்பது ஆண்டு வகுப்பறையிலோ அலுவலகக் கவுண்டரிலோ மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவரிடம் இவை மூன்றும் இருக்கின்றன.

ஆகவே, ஓய்வுக்கால ஓவியர்களைப் பாராட்டுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. படங்களை அவர்கள் நாலு பேர் பார்க்க வைக்கும்போது போய்ப் பார்ப்பதும், ‘நல்லாருக்கு’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதும் முதல் கடமை. அதற்கும் மேலே, நமக்கு வேண்டிய ஒன்றை அவர்களிடம் கேட்க வேண்டும்: தாத்தாவின் முகம், இடித்துக் கட்டுவதற்கு முன் இருந்த வீடு, பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு போகும் சாஸ்தா கோயில். உரிய விலையைக் கொடுத்து, சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்ல வேண்டும். திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் வரையச் சொல்ல அன்று ஒருவர் இருந்தார்; அதனால்தான் அந்தக் கப்பலும் குதிரைகளும் இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. வரைபவர்கள் இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கிறார்கள். கேட்பவர்களாக நாம் தகுதி பெற வேண்டியதுதான் பாக்கி.