வெள்ளீயச் சிப்பாயின் நெற்றி

பொம்மைக்கு வர்ணம் அடிப்பது பற்றி இந்தப் பக்கங்களில் ஒரு கட்டுரையா என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு சிறு டப்பாவைக் கையில் கொடுத்தார். உள்ளே 54 மில்லிமீட்டர் உயரத்தில், வெள்ளீயக் கலவையில் வார்த்த ஒரு மதராஸ் சிப்பாய்; 1806ஆம் வருஷத்தவன். தோளில் துப்பாக்கி, தலையில் தலைப்பாகை, உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். "நீயே பெயிண்ட் பண்ணு, மனசு அடங்கும்" என்றார். ஒரு மாதமாக அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இது அங்கே பெரியவர்கள் செய்கிற காரியம். 1893இல் வில்லியம் பிரிட்டன் கம்பெனி உள்ளீடற்ற ஈய வார்ப்பைக் கொண்டுவந்த பிறகு பொம்மைச் சிப்பாய்கள் மலிவாகி வீடுகளுக்குள் நுழைந்தார்கள். 1913இல் எச்.ஜி. வெல்ஸ் இவர்களை வைத்துச் சண்டை விளையாட விதிகள் எழுதிப் புத்தகமே போட்டார். நிஜப் போரைவிடப் பொம்மைப் போர் மேல் என்பது அவர் கட்சி. மறுவருஷம் நிஜப் போர் வந்துவிட்டது. விளையாட்டு அப்புறம் வர்ணம் பூசுகிற கலையாகவும் வளர்ந்தது.

கலை என்று நான் கிண்டலாகச் சொல்லவில்லை. உருவம் இவ்வளவு சிறிதாக இருக்கும்போது அறையின் வெளிச்சம் துணிமடிப்பில் போதுமான நிழலைப் போடாது. நிழலையே நாம் வரைய வேண்டும். பள்ளத்தில் நீர்த்த அடர்நிறம், மேட்டில் வெளிர்நிறம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தான் வைக்கும்போது ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். இக்கலையின் அறம் 'துல்லியம்'. காலரும் கைப்பட்டியும் எந்த ரெஜிமெண்டுக்கு என்ன நிறம் என்பதில் தவறினால் மன்னிப்பு கிடையாது.

ஆனால் எதற்குத் துல்லியம்? விதிக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிப்பாய் என்பவன் பிறப்பதில்லை, உருவமற்ற மண்ணிலிருந்து செய்யப்படுகிறான் என்று மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளிவந்த 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் விவரிக்கிறார். உடலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பழக்கி, நிமிர்த்தி, பணியவைக்கிற தொழில்நுட்பம் அது. அப்படியானால் சீருடை என்பது உடல்மீது அதிகாரம் எழுதிய பிரதி. அந்தப் பிரதியைப் பிழையில்லாமல் நகலெடுக்கிற குமாஸ்தாவாக நான் மேஜைமுன் உட்கார்ந்திருக்கிறேன்.

நண்பர் தந்த வர்ணப் பெட்டியில் 'ஃப்ளெஷ்' என்றொரு புட்டி. உள்ளே இளஞ்சிவப்பு. சதை என்றால் அவர்களுடைய சதை. என் சிப்பாயின் முகத்துக்குக் குறிப்புத்தாள் சொல்லும் வர்ணம் 'லெதர்'. அதே தாள் தலைப்பாகையில் செருகிய தோல்பட்டைக்கும் அதே புட்டியைத்தான் சொல்கிறது. முகமும் தோலும் ஒரே புட்டி.

அந்தத் தோலுக்காகத்தான் ரத்தம் சிந்தியது. 1805 இறுதியில் மதராஸ் படைக்குத் தொப்பி ஜாடையில் புதுத் தலைப்பாகை உத்தரவாயிற்று. 1806இல் தளபதி ஜான் க்ரடாக்கின் விதிகள் சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்றன. மே மாதம் வேலூரில் மறுத்தவர்களில் ஒரு இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டை எழுந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேல் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றே கோட்டையைப் பிடித்தது. சரணடைந்தவர்களையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிறகு சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். உத்தரவு கடைசியில் ரத்தாயிற்று.

இப்போது என் பிரச்சினை புரியும். நெற்றியை வெறுமையாக விட்டால் க்ரடாக்கின் உத்தரவை நானே நிறைவேற்றுகிறேன். நீறோ நாமமோ இட்டால் அவனைக் கலகக்காரனாக்குகிறேன்.

"இதில் என்னய்யா யோசனை, நீறு பூசு!" என்று தேசியக் கதையாடல் உடனே கை தட்டும். கொஞ்சம் பொறுங்கள். விதி விலக்கியது சாதியைக் காட்டும் குறியை. அழிக்கச் சொன்னவன் காலனியவாதி என்பது நிஜம்; அழியவிருந்ததில் சாதியும் இருந்தது என்பதும் நிஜம். மதராஸ் படையில் பறையர்கள் கணிசமாகச் சேர்ந்திருந்தார்கள். என் கையிலிருக்கிறவன் அவர்களில் ஒருவன் என்றால்? ஊரில் தலைப்பாகை கட்ட விடாதவனுக்குக் கம்பெனி கட்டிவிட்ட தலைப்பாகை என்னவாக இருந்திருக்கும்? இதைச் சொல்வதால் கம்பெனிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'போர்க்குடி' என்ற கொள்கையைப் பேசி அவர்களுக்குப் பெரும்பாலும் கதவடைத்ததும் அதே ராணுவம்தான். வேலூரை 'முதல் சுதந்திரப் போர்' என்று ஒற்றை நிறத்தில் பூசுகிற நம் தூரிகையும் குறிப்புத்தாளைப் பார்த்துத்தான் பூசுகிறது என்கிறேன்.

இன்னொன்று. தலைப்பாகை வார்ப்போடு சேர்ந்தே வந்திருக்கிறது, கழற்ற முடியாது. அச்சுக்குள் போவது உத்தரவை ஏற்றுக்கொண்ட உடல். மாட்டேன் என்று சொன்னவனுக்கு நான் பார்த்தவரை டப்பா இல்லை. துல்லியம் மௌனமாகிற இடம் இதுதான். நெற்றியில் என்ன இருந்தது என்று கேட்காத துல்லியம் வெறும் தையற்கடைத் துல்லியம்.

கோட்டு முடிந்துவிட்டது. நல்ல சிவப்பு. போன வாரம் நண்பர் போனில் கேட்டார்: "முடிஞ்சுதா?"

"முகம் பாக்கி."

"மொதல்ல முகத்தத்தானப்பா முடிக்கணும்!"

தொழில்முறைப்படி அவர் சொன்னது சரிதான்.