முடியும் புஜக்கட்டையும்: வேடம் கட்டும் மரபுகள்

சினிமா, சின்னத்திரை உடையலங்காரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோடம்பாக்கத்திலிருந்து தொடங்குவார்கள். ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தில் இருந்துகொண்டு அப்படித் தொடங்கத் தேவையில்லை. இது வட ஆர்க்காட்டுக் கூத்து நிலம். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாள்கள் போகும். பாத்திரத்துக்கு உடை வகுக்கும் கலைக்கு நம்மிடம் உள்ள கறாரான இலக்கணம் அங்கேதான் இருக்கிறது.

கல்யாணமுருங்கை போன்ற எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டினால் கிரீடம், மார்ப்பதக்கம், புஜக்கட்டை. ராஜா வேடங்களுக்கே இந்தக் கட்டைகள். கோமாளிக்கும் பெண் வேடத்துக்கும் கிடையாது. விடியும்வரை சுழன்று ஆட வேண்டும் என்பதால் மரம் லேசு. தீவட்டி வெளிச்சத்தைக் கடைசி வரிசைவரை கொண்டு போக வேண்டியிருந்ததால் கண்ணாடி. முகத்தில் துரியோதனனுக்குச் சிவப்பு, கண்ணனுக்குப் பச்சை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, கொஞ்சம் கொஞ்சமாகவே வேடக்காரர் தன்னைக் காட்டுவார். திரை விலகியதும் கூட்டத்தில் ஒருவராவது ‘இது யாரு?’ என்று கேட்டால் வேடம் தோற்றது.

வடக்கத்தி, தெற்கத்தி என்று பாணிகளைப் பிரிப்பார்கள். செய்யாறு பக்கத்துப் புரிசையில் தம்பிரான்கள் பரம்பரை, பெருங்கட்டூரில் இன்னொரு வழி. அந்தப் பெருங்கட்டூர் வழியில் வந்த பெ. ராஜகோபால் 1990இல் காஞ்சிபுரம் வட்டாரக் கலைஞர்களோடு கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார். பெயரிலேயே கட்டையை வைத்துக்கொண்டது வீம்பல்ல; கட்டை கட்டாதவனை ராஜா என்று ஊர் ஏற்காது.

இன்னொரு மரபு நாடகக் கம்பெனிகளுடையது. பார்சி நாடகத்தின் வெல்வெட்டும் ஜரிகையும் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடைகளில் ஏறின. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து சினிமா பேசத் தொடங்கியபோது, மேடை நடிகர்களோடு அந்த மினுமினுப்பும் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தது. புராணப் படத்து ராஜாக்கள் பலர் ஒரே பெட்டியிலிருந்து உடுத்தியவர்கள் போல இருப்பதற்குக் காரணம் அதுதான். பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரதம்’ தொலைக்காட்சியில் வந்த பிறகு அந்தப் பெட்டி வீடுதோறும் திறந்துவிட்டது. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. கர்ணனையும் அர்ச்சுனனையும் நகையை வைத்துப் பிரித்தறிய முடியாது.

கேமரா நெருங்கிவந்த பிறகு அளவுகோல் மாறியது. ‘காந்தி’ படத்துக்காக பானு அதையா ஆஸ்கர் பெற்றதும், ‘ஹே ராம்’ படத்துக்காக சரிகா தேசிய விருது பெற்றதும் மினுக்குக்காக அல்ல. காலத்துக்கும் மனிதருக்கும் பொருந்திய துணிக்காக. ‘பொன்னியின் செல்வ’னில் ஏகா லக்கானி சோழர்களுக்கு உடை வகுத்ததும் இந்த வழியில்தான். துணியைப் பழசாக்குவது, அழுக்கேற்றுவது, காட்சிக்குக் காட்சி தோற்றம் தொடர்கிறதா என்று கண்டின்யூட்டி பார்ப்பது எல்லாம் சினிமாவின் தனி வித்தை.

ஆனால் கண்டின்யூட்டியைக் கூத்துக்காரர்கள் யாரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை. துகிலுரிதல் இரவில் திரௌபதியின் கூந்தல் அவிழ்கிறது. பல இரவுகள் கழித்து, படுகளத்தில் துரியோதனன் தொடை ரத்தம் தொட்ட பிறகே அது முடியப்படும். களத்தில் கிடப்பது மண்ணால் செய்த பெரிய துரியோதனன். கூந்தல் முடிவதைப் பார்க்க ஊரே கூடுகிறது. ஒரு பாத்திரத்தின் சபதத்தை இத்தனை நாள் தலைமுடியிலேயே தூக்கிச் சுமந்த உடையலங்காரத்தை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை.

கூத்துக்காரர்களின் வாழ்வையே கதையாக்கிய நாசரின் ‘அவதாரம்’ போன்ற படங்கள் குறைவு. பெரும்பாலும் ஒரு பாட்டுக்காகக் கிரீடத்தை வாடகைக்கு எடுத்து, கதாநாயகன் தலையில் வைத்து, முகத்துக்கு வழக்கமான மேக்கப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். முடி துரியோதனனுடையது, முகம் நடிகருடையது. ஆலங்காயத்துக் கிழவி ஒருத்தி அந்தக் காட்சியைப் பார்த்தால் முதலில் கேட்பது, ‘இது யாரு?’ என்பதாகத்தான் இருக்கும்.