நட்டு வைத்து ஒரு பொட்டு வெல்டிங்

கார் வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். முறிந்து உள்ளே மாட்டிக்கொண்ட ஸ்டட்டின் (தலையில்லாத மரைக் கம்பியின்) மேல் ஒரு நட்டை வைத்து, அதன் நடு ஓட்டைக்குள் வெல்டிங் வைத்து, அப்படியே ஸ்பேனர் போட்டுக் கழற்றி எடுப்பதுதான். அதைக் கண்ணால் பார்த்த அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட வீட்டில் வேறு பேச்சே இல்லை. இன்றைக்கும் யாராவது "போல்ட் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு, தலை மழுங்கிடுச்சு" என்று சொன்னால் அவர்களை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

எங்கள் வண்டி மாருதி 800. 1983-இல் வந்து 2014-இல் உற்பத்தி நின்றுபோன அருமையான கார். 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இஞ்சின் சூடேறியதும் அடங்கிவிடும். டாப்பெட் சத்தம் என்றே கேட்பவர்கள் சொல்வார்கள். உண்மையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்து வைத்திருக்கும் ஸ்டட் ஒன்று முறிந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகப் புகை கசிகிற சத்தம் அது. சூட்டில் மேனிஃபோல்ட் விரிந்து இடுக்கு மூடிக்கொள்வதால் சத்தமும் நின்றுவிடுகிறது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் அலுமினிய ஹெட்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆண்டுக்கணக்கில் இந்த இழுபறியின் நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்டட் களைத்து முறிகிறது. சென்னைக் கடற்காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

காட்டிய இடங்களில் எல்லாம் ஒரே பதில்தான்: ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படியென்றால் ஹெட் கேஸ்கெட், கூலன்ட், டைமிங் பெல்ட் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று நீளும். 8 மில்லிமீட்டர் இரும்புத் துண்டுக்காக முழு இஞ்சினையும் திறப்பதா? ஒரு நண்பர்தான் வெல்டர் அண்ணன் ஒருவரிடம் அனுப்பினார்.

அவர் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் அழகு முழுக்க அதில்தான் இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். பெட்ரோல் ஹோஸை ஒதுக்கி, ஈரச் சாக்கால் மூடினார். தீயணைப்பு சிலிண்டரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். எர்த் கிளாம்பை ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். கம்பி பிரஷ்ஷால் ஸ்டட்டின் முறிந்த முகத்தை வெள்ளி மாதிரி பளபளக்கும்வரை தேய்த்தார். பிறகு சிஓ2 வெல்டிங் துப்பாக்கியை எடுத்து, அந்த முகத்தின் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். அதன் மேல் இன்னொன்று. ஹெட் மட்டத்துக்குக் கீழே கிடந்த ஸ்டட் கண்ணெதிரே மேலே வளர்ந்தது!

அலுமினியத்தில் ஒட்டிக்கொள்ளாதா என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. ஒட்டவே ஒட்டாது. இரும்புக் கம்பியின் வெல்டிங் இரும்பைத்தான் பிடிக்கும். அலுமினியத்தோடு அது கலப்பதில்லை. மரைப் பக்கம் ஒன்றிரண்டு துளி தெறித்தாலும் பிறகு தட்டினால் உதிர்ந்துவிடும். இந்த ஒரு குணத்தால்தான் அலுமினிய ஹெட்டில் இந்த வேலை இவ்வளவு சுத்தமாக நடக்கிறது. வார்ப்பிரும்பு ஹெட் என்றால் சுற்றுச்சுவரையும் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, அங்கே கை இன்னும் நிதானமாக வேண்டும்.

ஸ்டட் 8 எம்எம் என்பதால் ஒரு சைஸ் பெரிய 10 எம்எம் நட்டை எடுத்தார். ஓட்டை அகலமாக இருந்தால்தான் வெல்டிங் அடிவரை இறங்கும். நட்டு முலாம் பூசாத கறுப்பு நட்டு. துத்தநாக முலாம் எரிந்தால் வருகிற வெள்ளைப் புகை மூச்சுக்குக் கெடுதல், வெல்டிங்கும் சரியாகப் பிடிக்காது. நட்டை வைத்து, உள்பக்கம் முழுக்க உருக்கி நிரப்பினார். செக்கச்செவேல் என்று ஜொலித்தது.

நான் ஸ்பேனரை நீட்டினேன். "அவசரப்படாதீங்க சார், அதுவா வரும்" என்றார்.

சிவப்பு மங்கிக் கறுத்த பிறகு ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து நட்டின் அடியில் தொட்டார். மெழுகு உருகி, மரை இடுக்குக்குள் தானாக இழுபட்டு மறைந்தது. எனக்கு மெய்சிலிர்த்துப் போனது! அப்புறம்தான் 17 ஸ்பேனர். முதலில் கழற்றும் பக்கம்கூடத் திருப்பவில்லை. இறுக்கும் பக்கம் ஒரு இம்மி. உடனே எதிர்ப்பக்கம் ஒரு இம்மி. முன்னும் பின்னும், முன்னும் பின்னும். 'கிரீச்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நட்டோடு சேர்ந்து ஸ்டட் சுற்றிச் சுற்றி வெளியே வந்தது, மரை ஒன்றுகூடச் சேதமில்லாமல்.

இது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கிற சரக்கு. மரை இடுக்கில் அது உப்பிக்கொண்டு ஆப்பு அடித்த மாதிரி இறுக்கிவிடும். வெல்டிங் வைத்ததும் ஸ்டட் சூடேறி விரியப் பார்க்கிறது. 300 டிகிரி ஏறினால் 8 எம்எம் ஸ்டட் சுமார் 0.03 எம்எம் பருக்கும். தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை, ஆனால் விரிய இடமில்லாமல் நசுங்கி, ஆறும்போது அது சுருங்குகிறது. அந்த நெரிசலில் துருப் படலம் நொறுங்குகிறது. பிடிப்பதற்குப் புத்தம்புதிய ஆறு பட்டைத் தலையும் கிடைக்கிறது. சூடும் பிடியும் ஒரே வேலையில்! சில நேரம் நட்டு மட்டும் பெயர்ந்து கையோடு வரும். மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு முறை வெல்டிங் வைக்கும்போதும் உள்ளே துரு இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது.

எண்ணெய் தெளித்து ஊற வைப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. டபிள்யூடி-40 எனக்கும் பிடிக்கும். ஆனால் அது 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டத் தயாரித்த திரவம். இறுகிய மரைக்கென்றே விற்கிற பெனட்ரேட்டிங் ஆயில் இன்னும் ஆழமாக இறங்கும். தலை இன்னும் மழுங்காத போல்ட்டுக்கு முதல் நாளே அதை ஊற்றி, பன்னிரண்டு முனை ரிங்கைத் தவிர்த்து ஆறு முனை சாக்கெட்டைப் போட்டு, தலையில் சுத்தியலால் நான்கு தட்டு தட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். முறிந்த ஸ்டட்டில் துளையிட்டு, அதற்குள் திருகிக் கழற்றும் ஈஸி அவுட்டை மட்டும் எனக்குப் பிடிப்பதே இல்லை. இறுகிய ஸ்டட்டில் அது உள்ளேயே முறிந்தால், சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறவே ஏறாது. மழுங்கிய போல்ட் தலைக்கும் ஆலன் போல்ட்டுக்கும்கூட நட்டு வெல்டிங் அதே அழகோடு வேலை செய்கிறது.

எங்கள் வண்டிக்கு வருவோம். ஸ்டட் வெளியே வந்ததும் அண்ணன் ஓட்டைக்குள் 8 எம்எம் டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்து, புது ஸ்டட்டில் காப்பர் கிரீஸ் தடவி, பித்தளை நட்டுப் போட்டு முடுக்கினார். சூட்டிலும் பித்தளை இரும்போடு எளிதில் இறுகாது என்பதால் இனி கழற்றுவது சுலபம். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தேன். மூன்று சிலிண்டரின் இதமான உறுமல் மட்டும்தான், அந்த 'டிக் டிக்' இல்லவே இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை: வெல்டிங் வைக்கப்போகிற இடத்தில் பிரேக் கிளீனர் அடிக்காதீர்கள். குளோரின் கலந்த வகை சூட்டில் நச்சு வாயுவாக மாறும். மற்றபடி, ஸ்டட் முறிந்தது, ஹெட்டை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டும் முன் கைதேர்ந்த வெல்டர் ஒருவரிடம் வண்டியைக் காட்டிவிடுங்கள். அவர் நட்டைத் தேடி எடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், வெல்டிங் முகமூடி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு.