பேனலை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

லேப்டாப் திரை மினுக்கினாலோ கோடு விழுந்தாலோ சர்வீஸ் கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "டிஸ்பிளே போச்சு சார், மாத்தணும்." சில நேரம் அது உண்மைதான். ஆனால் படம் கண்ணுக்கு எட்ட கிராஃபிக்ஸ் சிப், கேபிள், பேனல், பேக்லைட் என்று நான்கும் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். எது கெட்டாலும் பழி விழுவது பேனல்மீது. செலவு விழுவது நம்மீது.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது 2014-ஆம் ஆண்டு லேப்டாப். 15.6 அங்குலத் திரை, 1366×768 ரெசல்யூஷன், இன்டெல் 4-ஆம் தலைமுறை ஐ5. மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் திரை துடிக்கும். இன்னும் சாய்த்தால் படம் போய் வெறும் வெள்ளைதான்.

கழற்றாமலே கண்டுபிடிக்கலாம்

முதல் சோதனை பயாஸ். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே துடித்தால் டிரைவர்மீது குற்றமில்லை. நம் லேப்டாப் அங்கேயே துடித்தது. விண்டோஸில் மட்டும் துடிக்கிறதென்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அதுவும் சேர்ந்து துடித்தால் டிஸ்பிளே டிரைவரைச் சந்தேகிக்கலாம். அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலியின் வேலை. மைக்ரோசாஃப்டே சொல்லித்தரும் வழி இது.

இரண்டாவது, எச்டிஎம்ஐ வழியாக டிவியில் இணைப்பது. டிவியில் படம் சுத்தமாக வந்தது. ஆகவே சிப் தப்பித்தது. டிவியிலும் அதே கோடுகள் வந்தால் கோளாறு சிப்பில்தான், நிலைமை மோசம். குறைபாடுள்ள லேப்டாப் சிப்களுக்காக என்விடியா நிறுவனமே 2008-ல் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டிவந்தது. சிப்பைச் சூடாக்கி உயிர் கொடுப்பதாகச் சொல்லும் கடைகள் உண்டு. அப்படிப் பிழைத்த சிப் கொஞ்ச நாள் ஓடிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வதே வழக்கம்.

மூன்றாவது டார்ச். திரை கறுத்துக் கிடந்தால் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கெட்டது பேக்லைட் பகுதி. வெள்ளைத் திரை இதற்கு நேரெதிர்: பேக்லைட் எரிகிறது, படத்துக்கான சிக்னல் வந்து சேரவில்லை. நம் லேப்டாப் இந்த ரகம்.

கடைசியில் கீல். மூடியை அசைக்கும்போதெல்லாம் கோளாறு மாறினால் கேபிளைப் பிடியுங்கள். மூடியை எப்படி வைத்தாலும் ஒரே இடத்தில் செங்குத்துக் கோடு நின்றால், அதுவும் சட்டத்தை அழுத்தும்போது மட்டும் மறைந்தால், பேனலின் ஓர இணைப்பு விட்டுவிட்டது. அதற்குப் புதுப் பேனல் ஒன்றே வழி.

கேபிள் கீல் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைகிறது. விலை உயர்ந்த லேப்டாப்பும் இதற்கு விலக்கில்லை. 2016-ஆம் ஆண்டு 13 அங்குல மேக்புக் ப்ரோவின் திரைக் கோளாறுக்காக ஆப்பிள் 2019-ல் இலவச சர்வீஸ் திட்டம் அறிவித்தது. 2018 மாடலைப் பிரித்துப் பார்த்த பழுதுபார்ப்புத் தளமான ஐஃபிக்ஸிட், அதன் திரைக் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாகியிருப்பதைக் கண்டது.

பிரித்தபோது

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிய பிறகே கேபிளில் கை வைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் மதர்போர்டில் பேக்லைட்டுக்கான ஃப்யூஸ் போய்விடக்கூடும். சின்ன வேலை பெரிய செலவாகிவிடும்.

முதலில் இரு முனை கனெக்டர்களையும் கழற்றி மாட்டிப் பார்த்தோம், பலனில்லை. கீல் அருகே கேபிளின் மேலுறை தேய்ந்து உள்ளே கம்பிகள் தெரிந்தன. கேபிள் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் காட்டி வாங்குவது நல்லது. லேப்டாப் மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலில் 40 பின் எல்விடிஎஸ், 30 பின் இடிபி என இரு வகை இணைப்பும் வந்திருக்கலாம், ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பேனல் வாங்குவோரும் பின் எண்ணிக்கை, ரெசல்யூஷன், ஸ்குரூ மாட்டும் காதுகள் மூன்றையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் கேபிள் போட்டதும் மூடி எந்தக் கோணத்தில் நின்றாலும் படம் நிலையாக நின்றது. வெளிச்சம் குறைவு, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறுவது போன்றவை அந்தக் காலப் பேனலின் சுபாவம். கேபிள் அதை மாற்றாது.

செலவு தகுமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். ஆகவே இந்த லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளமே பொருத்தம். எஸ்எஸ்டி இருந்தால் தட்டச்சு, இணையம், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு எல்லாவற்றுக்கும் தாராளம்.

தீர்ப்பு: கோளாறு கேபிளில் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள், செலவு சில நூறு ரூபாயில் முடியும். பேனல் என்றால் சில ஆயிரம். பேட்டரியும் கீலும் நன்றாக இருந்தால் மட்டும் செலவழியுங்கள். சிப் என்றால் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். ஹார்டு டிஸ்க்கில் உள்ளதைப் பத்திரப்படுத்திக்கொண்டு வேறு லேப்டாப் தேடுங்கள்.