மொக்கையனின் தராசு

வைகை அணை 1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அவ்வாண்டு இக்கரைகளில் பிறந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். ஞாயிறு மாலைகளில் அணைப் பூங்காவின் நிழலில் அமர்ந்திருக்கும் அத்தலைமுறையினரை நாம் காண்கிறோம். பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கின்றனர். பேரப்பிள்ளைகள் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

இவர்களை மனத்திற்கொண்டே, தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜாவின் 'கருத்தம்மா' (1994) திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தோம். பெண்சிசுக் கொலையைக் கண்டிக்கும் படம் என்றே அது நினைவுகூரப்படுகிறது. முதுமையைப் பற்றிய படமும் அதுவே என்பது இம்முறைதான் நமக்குப் புலப்பட்டது.

பெண்மக்கள் ஏற்கெனவே இருக்க, மீண்டும் பெண்ணே பிறந்ததும் அதைக் கொன்றுவிடச் சொல்கிறான் ஏழை உழவன் மொக்கையன். சூசை என்னும் பள்ளியாசிரியர் குழந்தையைக் காப்பாற்றி எடுத்துச் செல்கிறார். ஆண்டுகள் பல சென்றபின் மொக்கையன் வாதத்தால் விழுகிறான். அவனைத் தாங்குபவள் மகள் கருத்தம்மா. மருத்துவம் பார்ப்பவளோ, அன்று அவன் வேண்டாமென்று தள்ளிய அதே மகள். மொக்கையனாக நடித்த பெரியார்தாசனின் முகம் எளிதில் மறக்கக்கூடியதன்று.

ஆயினும் நமக்கொரு மனக்குறை உண்டு. அப்பெண் ஏன் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற வினாவுக்குப் படம் தரும் விடை, அவள் மருத்துவராகித் தந்தைக்குப் பயன்பட்டாள் என்பதே. பெண் செலவு, ஆண் வரவு என்று நிறுத்துப் பார்த்த மொக்கையனின் தராசை இயக்குநர் உடைக்கவில்லை; தட்டை மட்டும் மாற்றி வைத்தார். அவள் மருத்துவராகாமல் ஏலத்தோட்டக் கூலியாகவே இருந்திருந்தால்? நாமும் இதற்கு விலக்கல்லர். நகோமியின் முதுமைக்குத் துணை நின்ற ரூத்தை மறையுரைகளில் எத்தனை முறை புகழ்ந்திருக்கிறோம்! ரூத்தின் சோர்வைப் பற்றி ஒரு சொல் சொன்னதுண்டா?

இப்படத்துக்குக் குடும்பநலம் குறித்த சிறந்த படத்திற்கான தேசிய விருது வழங்கப்பட்டது. 'குடும்பநலம்' என்ற சொல் அந்நாளில் அரசு மருத்துவமனைச் சுவர்களில் எதைக் குறித்தது என்பதை மூத்த வாசகர் அறிவர். கருத்தடை அறுவை மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. பெண்கல்வி, தள்ளிப்போன திருமணம், பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, வளர்ப்புச் செலவு ஆகிய யாவும் சேர்ந்தே தமிழகத்தில் ஒரு பெண்ணின் சராசரி மகப்பேற்றைக் குறைத்தன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1992–93-இல் ஏறத்தாழ 2.5 ஆக இருந்த அது, 2019–21-இல் 1.8 ஆயிற்று. ஒரு தலைமுறையை மறு தலைமுறை ஈடுசெய்ய 2.1 வேண்டும். 2011-இல் மக்கள்தொகையில் 10.4 விழுக்காடாயிருந்த அறுபது வயதினர், 2031-இல் 18 விழுக்காட்டைத் தாண்டுவர் என்பது அரசின் கணிப்பு.

இப்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துத் திருமண விழாவொன்றில், தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, மணமக்கள் உடனே பிள்ளை பெற வேண்டுமென்றார் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின். அன்று வாய்கள் மிகுந்துவிட்டன என்ற கவலை. இன்று வாக்குகள் குறைகின்றன என்ற கவலை. இரண்டிலும் குழந்தை ஓர் எண்ணே.

1989-இல் தமிழகச் சட்டம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது. பெற்றோரைப் பேணும் கடமையை 2007-ஆம் ஆண்டின் மையச் சட்டம் மகன், மகள் இருவர் மீதும் சுமத்தியது. நாமறிந்த வீடுகளில் கடமை மகளைத் தேடி விரைந்து வந்துவிட்டது. பங்குதான் இன்னும் வந்து சேரவில்லை. படத்திலும் தந்தையைத் துடைத்து, ஊட்டி, சுமக்கும் கருத்தம்மா இழந்தது என்ன என்று எவரும் கேட்பதில்லை.

அன்று இருபது வயதுக்காரியாக நாம் பார்த்த அந்தக் கருத்தம்மாவுக்கு இன்று ஐம்பதுக்கு மேலாகியிருக்கும். 2031-இன் கணக்கு வரும்போது அவளும் அறுபதை நெருங்கியிருப்பாள். பிள்ளை ஒன்றோ இரண்டோ, அதுவும் வெளியூரில்.