யாருக்குக் கொடுத்த அவகாசம்?

இன்டெல் சிப்புக்கு எழுதிய மென்பொருளைத் தன் சொந்த சிப்பில் ஓட்டித் தரும் ரொசெட்டா 2-க்கு ஆப்பிள் நாள் குறித்துவிட்டது. மேக்ஓஎஸ் 27 வரை அது முழுதாக இருக்கும். பிறகு பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதி மட்டும் மிஞ்சும். 2025 ஜூனில் இந்த அறிவிப்பு வந்ததிலிருந்து அதற்குச் சொல்லப்படும் சமாதானம் ஒன்றுதான்: 2020-லேயே சொல்லியாயிற்று, மாற்றி எழுத வேண்டிய அவகாசம் கொடுத்தாயிற்று, இன்னும் எழுதாதவர்களுக்காக எதற்குக் காத்திருக்க வேண்டும்?

ரொசெட்டா 2 அருமையான வேலைப்பாடு என்பதில் எனக்கு மறுப்பில்லை. நிரலின் பெரும்பகுதியை ஓடுவதற்கு முன்பே மொழிபெயர்த்து வைத்துக்கொள்கிறது. நினைவகத்தில் எழுதும் வரிசையில் இன்டெல் சிப்புகள் காட்டும் கண்டிப்பை ஆப்பிள் தன் சிப்புக்குள்ளேயே ஒரு தனி நிலையாக அமைத்தது. வேகத்துக்கு அது பெரிய காரணம். சில நிரல்கள் பழைய இன்டெல் மேக்கைவிட ஆப்பிளின் எம்1 சிப்பில் விரைவாக ஓடின. இதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் சோதித்துக் காப்பது செலவு என்பதும், பழைய நிரல்தொகுப்பு பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இடம் தரும் என்பதும் நியாயமே.

ஆனால் அந்தச் சமாதானத்தில் காசு கொடுத்து வாங்கியவர் எங்கே இருக்கிறார்? அவகாசம் எழுதுகிறவருக்குக் கொடுக்கப்படுகிறது. இழப்பு வாங்கியவர் தலையில் விழுகிறது. எழுதுகிறவர் தொழிலை விட்டுப் போயிருந்தால், நிறுவனம் மூடப்பட்டிருந்தால், அல்லது மாற்றி எழுதாமல் இருப்பதே அதற்கு லாபமாக இருந்தால், எத்தனை ஆண்டு கொடுத்தும் பயனில்லை.

ஊகமாக இதைச் சொல்லவில்லை. மேக் பவர்பிசியிலிருந்து இன்டெலுக்கு மாறிய 2006-இல் வந்த முதல் ரொசெட்டா, 2011 ஜூலையில் வெளியான லயன் என்ற மேக் இயங்குதளப் பதிப்பில் இல்லாமல் போயிற்று. அதோடு போனது ஃப்ரீஹேண்ட். வரைகலைஞர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் கைபழகியிருந்த மென்பொருள் அது. அதன் உரிமையாளரான மேக்ரோமீடியாவை 2005-இல் அடோபி வாங்கியது. அதே வேலையைச் செய்யும் இல்லஸ்ட்ரேட்டர் அடோபியிடம் ஏற்கெனவே இருந்தது. ஃப்ரீஹேண்டை இன்டெலுக்கு மாற்றி எழுத அது ஏன் மெனக்கெட வேண்டும்? 2007-இல், இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று அறிவித்துவிட்டது. அதன் பிறகு இன்டெல் மேக்குகளில் ஃப்ரீஹேண்டுக்கு உயிர் கொடுத்தது ரொசெட்டா மட்டும்தான். 2011-இல் பயனர்கள் சிலர் போட்டியை ஒழித்ததாக அடோபி மீது வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. லயனில் ஃப்ரீஹேண்ட் திரும்பி வரவில்லை. ஒருவர் பத்தாண்டு வரைந்த கோப்புகள் வட்டில் பத்திரமாக இருந்தன. அவற்றை வரைந்தபடியே திறக்கும் கருவிதான் புதிய மேக்கில் ஓடவில்லை. அடோபிக்குக் கொடுத்த அவகாசத்தால் அந்த வரைகலைஞருக்குக் கிடைத்தது என்ன?

பழைய இயங்குதளத்தையே மெய்நிகர் கணினியாக வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். ரொசெட்டா இருந்த கடைசிப் பதிப்பான 10.6-ஐ அப்படி ஓட்ட, உரிம ஒப்பந்தம் சர்வர் பதிப்புக்குத்தான் இடம் கொடுத்தது. வீட்டில் வாங்கிய சாதாரணப் பதிப்புக்கு இல்லை. வாசலை அடைத்தவர்களே கொல்லைப்புறத்தையும் பூட்டினார்கள். 2019-இல் கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு வந்தபோது 32-பிட் நிரல்கள் ஒட்டுமொத்தமாக நின்றன. அப்போதும் இதே சமாதானம்தான் சொல்லப்பட்டது.

வேறு வழியே இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வழி உண்டு. ஐபிஎம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360-க்கு எழுதிய பயன்பாட்டு நிரல்கள் அதன் இன்றைய பெருங்கணினிகளிலும் ஓடும்படி கட்டமைப்பு பேணப்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்களைக் கைவிட்டது உண்மை. ஆனால் ஆர்ம் சிப்பில் ஓடும் விண்டோஸ் 11 இன்றும் 32-பிட் இன்டெல் நிரல்களை ஏற்கிறது. அந்தச் செலவை அவர்கள் தொழிலின் கடமையாக எடுத்துக்கொண்டார்கள். ஆப்பிளுக்குப் பணமும் ஆளும் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு இல்லாதது, விற்ற பொருளுக்குப் பின்னாலும் பொறுப்பு உண்டு என்ற எண்ணம்.

ரொசெட்டா 2 பற்றிய அறிவிப்பிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு ஒரு பகுதியை வைத்திருப்பதற்கு ஆப்பிள் சொல்லும் காரணம், சில பழைய விளையாட்டுகளைப் பராமரிப்பார் இல்லை என்பது. அப்படியானால் எழுதியவர் இல்லாத மென்பொருளுக்கு அவகாசம் உதவாது என்று அதற்கே தெரிந்திருக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவி எப்படியும் இயங்குதளத்துக்குள் இருக்கத்தான் போகிறது. மூடிப்போன ஒரு சிறு நிறுவனத்தின் இசை மென்பொருளுக்கும், ஆய்வகக் கருவி ஒன்றை இயக்கும் பழைய நிரலுக்கும் அதே சலுகையை மறுக்க ஆப்பிள் இன்னும் ஒரு காரணமும் சொல்லவில்லை.