பில் டோரன்ஸ்: குதிரையின் மனம் அறிந்த கை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் பண்ணைக் குடும்பமொன்றில் 1906இல் பிறந்தவர் பில் டோரன்ஸ். பின்னர் கலிஃபோர்னியாவில், சலீனஸ் நகருக்கு அருகிலுள்ள மலைப்பகுதியில் மாடு வளர்த்து வாழ்ந்தார். தம்பி டாம் டோரன்ஸும் பேர்பெற்ற குதிரைப் பயிற்சியாளர்.

பில் கைக்கொண்டது கலிஃபோர்னியாவின் பழைய வக்கேரோ மரபு. ஸ்பானிய மொழி பேசிய மாடுமேய்ப்பர்கள் வளர்த்த இம்மரபில் அவசரத்துக்கு இடமில்லை. இளங்குதிரைக்கு முதலில் வாயிரும்பு இல்லாத மூக்குவளையம். பிறகு மூக்குவளையமும் கடிவாளமும் சேர்ந்து. கடைசியில்தான் கடிவாளம் மட்டும். இப்படிப் பழக்கி முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

பச்சைத்தோலை வாராக அறுத்துப் பின்னும் ரியாட்டா என்னும் நீண்ட சுருக்குக்கயிற்றிலும் அவர் கைதேர்ந்தவர். இக்கயிறு சட்டென வெட்டி இழுத்தால் அறுந்துவிடும். அதனால் மாட்டின் மேல் சுருக்கு விழுந்ததும் கயிற்றைச் சேணத்தின் கொம்பில் சுற்றி, இழுவிசைக்கேற்பச் சிறிது சிறிதாக நழுவவிட வேண்டும்.

குதிரையிடமும் அதே நிதானம்தான். கடிவாள வார் வழியே கை உணர்த்துவதைக் குதிரை உணர வேண்டும். குதிரை சொல்வதைக் கையும் உணர வேண்டும். இந்த உணர்வே அவர் போதனையின் உயிர். அடித்து அடக்குவது பரவலாக இருந்த காலத்தில் புரியவைத்துப் பழக்கிய பெருமை அவருடையது. முதுமையிலும் குதிரையேறிய அவர், தம் அறிவைத் திரட்டித் தந்த நூல் 1999இல் வெளிவந்தது. அதே ஆண்டு, 93 வயதில் காலமானார்.